மூழ்கிப் பூசணி செதுக்குவது எப்படி? பழனி மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏன் தம்பி, பூசணிக்காயை அறுக்குறதுக்குத் தண்ணிக்குள்ள எதுக்குப் போகணும்? எங்க வீட்டு அடுப்படியில அருவாமணை கெடக்கே."

கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்காரரிடம் அவருடைய பாசனத் தொட்டியை ஒரு நாள் கேட்டு நின்றபோது அவர் கேட்டது இது. அன்று எனக்குப் பதில் வரவில்லை, இன்றும் பெரிதாகப் பதில் இல்லை. விளையாட்டுத்தான். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கீ லார்கோ பக்கம் ஹாலோவீனையொட்டி அக்டோபரில் இதைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். ஸ்கூபா உடுப்போடு (முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்குவதுதான் ஸ்கூபா) கடலடியில் மண்டி போட்டு, பூசணியில் கண்ணும் வாயும் வெட்டி, மேலே கொண்டுவந்து காட்ட வேண்டும்.

பூசணிக்கு முகம் வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை. புது வீட்டு முகப்பில் உருட்டு விழியும் முறுக்கு மீசையும் கோரைப் பல்லுமாகத் தொங்கும் திருஷ்டிப் பூசணியைப் பார்க்காதவர் உண்டா? நாம் வரைகிறோம், அவர்கள் வெட்டுகிறார்கள். அந்தத் திருஷ்டி முகத்தையே தண்ணீருக்குள் வெட்டிப் பார்ப்பதுதான் இங்கே திட்டம்.

யார் இறங்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலோ சென்னையிலோ முறையாக ஸ்கூபா பயிற்சி எடுத்து, ஓப்பன் வாட்டர் என்கிற அடிப்படைச் சான்றிதழ் வாங்கி, அதற்கப்புறமும் பத்து இருபது டைவ் (மூழ்கல்) செய்தவர்களுக்குத்தான் இது. அந்தமான் சுற்றுலாவில் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு மீன் பார்த்தது கணக்கில் வராது. தண்ணீருக்குள் கைகால் ஆட்டாமல் நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவர் கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது. அதோடு, கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலே இருக்கும் தண்ணீரில் இறங்கினாலே அதை உயர்நில டைவ் என்று தனிக் கணக்கில் வைக்கிறார்கள். அதற்கென்று சின்னப் பயிற்சியும் உண்டு. எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கே இறங்குவது?

கொடைக்கானல் ஏரி வேண்டாம். 1863-ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய அந்த ஏரி படகுக்கானது. அடியில் சேறும் நீர்ச்செடியும், மேலே நாள் முழுக்கப் படகும் இருக்கிற இடம் அது. பேரிஜம் இன்னும் ஆகாது. அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது, பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. அருவி, தடாகம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். அங்கே ஆண்டுதோறும் ஆள் சாகிறார்கள்.

மிஞ்சுவது தோட்டத்துத் தொட்டி. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் காப்பி பூப்பதற்காக மாசி, பங்குனியில் ஸ்பிரிங்க்ளர் ஓட்டுவார்கள். அதற்கென்று மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்த பெரிய தொட்டிகள் இருக்கும். சில சிமென்ட், பல பிளாஸ்டிக் ஷீட் விரித்தவை. மூன்று மீட்டர் ஆழம் இருந்தால் தாராளம். அதற்கு மேல் ஆழம் தேடுவதில் லாபம் ஒன்றுமில்லை. குளிரும் இருட்டும்தான் கூடும்.

சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். உரம் கரைத்துவிடும் தொட்டியா? சமீபத்தில் பக்கத்தில் போர்டோ கலவையோ (பூஞ்சைக்கு அடிக்கும் மயில்துத்தச் சுண்ணாம்புக் கலவை) பூச்சிமருந்தோ அடித்தார்களா? உறிஞ்சு குழாய் எந்த மூலையில் இருக்கிறது? மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. ஃப்யூஸைக் கழற்றி உங்கள் ஆள் பையில் போட்டுக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். மலையில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவது தோட்டத்து ஆட்களுக்குக் கைப்பழக்கம். தண்ணீருக்குள் மனிதன் இருக்கும்போது உறிஞ்சு குழாய் ஓடினாலும் ஆபத்து, மோட்டாரில் கசிவு இருந்தாலும் ஆபத்து.

ஷீட் விரித்த தொட்டியின் சரிவு பாசி பிடித்துச் சோப்பு மாதிரி இருக்கும். இறங்குவது சுலபம், ஏற முடியாது. முடிச்சுப் போட்ட கயிறோ மூங்கில் ஏணியோ இரண்டு இடத்தில் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எப்போது? ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-லேயே என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அப்போது இங்கே வடகிழக்குப் பருவமழை, தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். கரையெல்லாம் அட்டை. தை, மாசியில் தண்ணீர் தெளிந்துவிடும், ஆனால் குளிரும். 18, 20 டிகிரித் தண்ணீர் கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்பது இறங்கிய கால்மணி நேரத்தில் விளங்கும். உடம்புச் சூட்டைக் காக்கும் 5 மில்லிமீட்டர் ரப்பர் உடுப்பு (வெட்சூட்), தலைக்கு ஹூட், இரண்டும் வேண்டும். காலை பத்து மணிக்கு இறங்கி, மதியம் இரண்டுக்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுங்கள். அந்தி சாய்ந்தால் காட்டுமாடு தண்ணீர் குடிக்க வரும். அது அவர்களுடைய நேரம்.

காய் வாங்குவது

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இரண்டு வகையும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மஞ்சள் பூசணி (கொங்குப் பக்கத்துக்காரர் அரசாணி என்பார், வேறு சில ஊர்க்காரர் பரங்கி என்பார்) பார்க்க அழகு. ஆனால் நம்மூர்க் காய்க்குச் சதை கனம், உள்ளே பொந்து சிறியது. வெளிநாட்டில் செதுக்குவதற்கென்றே வளர்க்கும் காய்க்குச் சுவர் மெல்லிசு. நம்முடையது சமையலுக்கு வளர்ந்தது, தண்ணீருக்குள் அறுத்தால் தோள் வலிக்கும். வெள்ளைப் பூசணி மிருதுவாக வெட்டுப்படும், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் விலையும் சரிந்துவிடும். அதன் மேலிருக்கும் சாம்பல் மட்டும் கையில் வழுக்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டால் மார்க்கரும் பிடிக்கும். முதல் தடவை வெள்ளைப் பூசணியே போதும் என்பது என் கருத்து. நாலு ஐந்து கிலோ எடை, உட்காரவைத்தால் உருளாத அடிப்பாகம், காம்பு ஒடியாத காய். அவ்வளவு பார்த்தால் போதும்.

கரையில் செய்யவேண்டியது

பாதி வேலை இங்கேதான். காம்பைச் சுற்றி மூடியை அகலமாக வெட்டி எடுங்கள், கை நுழைய வேண்டும். குடலையும் விதையையும் கரண்டியால் சுரண்டி எடுத்து, சதையையும் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து மெலியவையுங்கள். தண்ணீருக்குள் குடலெடுத்தால் விதை முழுக்க மாஸ்க் முன்னால் மிதக்கும், சொந்தக்காரர் ஸ்பிரிங்க்ளர் மூக்கிலும் போய் அடைக்கும். எடுத்த சதையை வீணாக்காதீர்கள். அன்று மதியம் தோட்டத்து வீட்டில் மோர்க்குழம்பாகிவிடும்.

மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். இதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முகத்தை மார்க்கரால் கரையிலேயே வரைந்துவிடுங்கள். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கிற தூரத்தில் முக்கால் தூரத்திலும் தெரியும். அங்கே போய் மனதால் அளந்து வெட்டினால், மேலே வந்து பார்க்கையில் கண் இரண்டும் புளியங்கொட்டை மாதிரி இருக்கும். கோடு இருந்தால் கோட்டின் மேல் போனால் போதும்.

அப்புறம் எடை. பூசணி மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு மிதக்கும் என்பதுதான் கேள்வி. முழுக் காய் 4 கிலோ எடையில் 5 லிட்டர் இடத்தை அடைத்தால், அதை அமுக்க ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். மூடி திறந்து பொந்துக்குள் தண்ணீர் புகுந்தால் மிதப்பு பெரும்பாலும் போய்விடும். முழுக் காய்க்குக் கணக்குப் போட்டு ஈயத்தைக் கட்டிவிட்டு, உள்ளே போய்த் திறந்தால் அது குண்டாகி அடியில் உட்கார்ந்துவிடும். அதனால் திறந்த காயை ஒரு டிரம் தண்ணீரில் அமுக்கி, காற்று முழுக்க வெளியேறிய பிறகு ஈயம் கட்டிப் பாருங்கள். எனக்கு அரைக் கிலோவிலேயே அடங்கியது. ஈயம் இல்லாமல் கல் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஒரு கிலோ கல் தண்ணீருக்குள் அறுநூறு கிராமுக்குத்தான் வேலை செய்யும். அம்மிக் குழவியைக் கட்டிப் பார்த்த என் நண்பர் அதைத் தொட்டிக்குள்ளேயே தொலைத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஈயத்தைப் பூசணிக்குக் கட்டுங்கள், அதன் மிதப்பை உங்கள் உடம்பால் சமாளிக்காதீர்கள். பூசணி மேலே இழுக்கிறதே என்று பி.சி.டி. ஜாக்கெட்டில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) காற்றைக் குறைத்துக்கொண்டு நின்றால், காய் கை நழுவிய நொடியில் நீங்கள் கீழே போவீர்கள்.

காயை உட்காரவைக்க பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று போதும். பானைக்குப் பிரிமணை வைப்பது போலத்தான். அதன் அடியில் தடித்த ரப்பர் மேட் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். கத்தி தவறி ஷீட்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வருஷத்துத் தண்ணீர் போய்விடும், தோட்டத்துக்காரர் நட்பும் கூடவே போய்விடும்.

கத்தி விஷயத்தில் சிலர் பெரிய டைவிங் கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும், பூசணிக்கு ஆகாது. ரொட்டி அறுக்கும் பல்லுக் கத்தியில் சின்னது, நுனி மழுங்கியது, அதுதான் கைக்கு வாகு. அதை முழநீளக் கயிற்றால் டயரில் கட்டுங்கள். மணிக்கட்டில் கட்டினால் காற்றுக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். வெட்டு விழாத கையுறை, பிடிக்கிற கைக்கு அவசியம். விரல் மரத்துப்போன பிறகு கீறினாலும் தெரியாது.

சிலிண்டர்

மலையில் காற்று நிரப்ப இடம் இல்லை. கடற்கரை ஊரில் நிரப்பித்தான் கொண்டுவர வேண்டும். வண்டியில் படுக்கவைத்து, உருளாமல் கட்டி, ஏ.சி. இருந்தால் போட்டுவிடுங்கள். அழுத்தமானி கீழே 200 பார் (காற்றழுத்த அளவு) காட்டியது மேலே 190 காட்டும். கசிவு என்று பதற வேண்டாம், குளிரில் காற்று சுருங்குவதுதான். 12 லிட்டர் சிலிண்டரில் மூன்று மீட்டர் ஆழத்தில் நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு ஒரு மணி நேரம் தாராளமாக வரும். அதற்கு முன்னாலேயே குளிர் உங்களை மேலே அனுப்பிவிடும். அரை மணி நேரம் என்று திட்டம் போடுங்கள்.

கடலில் டைவ் செய்து பழகியவர் இடுப்பு ஈயத்தில் இரண்டு கிலோ வரை குறைத்துத் தொடங்கலாம், நல்ல தண்ணீரில் மிதப்பு குறைவு. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை நல்ல தண்ணீருக்கும் உயரத்துக்கும் மாற்றிவைக்க மறக்காதீர்கள்.

தண்ணீருக்குள்

இருவர் இறங்க வேண்டும். ஒருவர் செதுக்குவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் செதுக்கினால் யார் யாரைப் பார்ப்பது?

முதலில் டயரையும் மேட்டையும் இறக்கி, அடியில் படிந்த வண்டல் அடங்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். அப்புறம் காயை வெங்காய மூட்டை வலைக்குள் போட்டு இறக்குங்கள். பூசணியை டயரில் உட்காரவைத்து, டயரை முழங்காலால் அமுக்கி மண்டி போடுங்கள். காலில் மாட்டிய துடுப்பை (ஃபின்ஸ்) ஆட்டாதீர்கள். ஒரு உதை போதும், அரை மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது.

முதல் வெட்டிலேயே ஒரு வேடிக்கை நடக்கும். கத்தியை அழுத்துவீர்கள், காய் நகராது, நீங்கள் பின்னால் போவீர்கள். தரையில் நம் உடம்பின் எடைதான் கத்திக்குப் பலம். தண்ணீருக்குள் அந்த எடை இல்லை. அதனால் அழுத்தாதீர்கள், ரம்பம் இழுப்பதுபோல இழுத்து இழுத்து அறுங்கள். பிடித்த கை எப்போதும் கத்தி போகும் திசைக்குப் பின்னால் இருக்கட்டும். மீசையைத் தோல் மட்டும் சீவி எடுங்கள், உள்ளே வெள்ளைச் சதை தெரியும், அதுவே அழகு. அடுத்து கண். வாயைக் கடைசியில் வையுங்கள், வாய் திறந்தபின் சுவர் பலமிழந்துவிடும். கோரைப் பல்லை ரொம்பக் கூராக்கினால் ஒடிந்து மேலே மிதந்துவிடும். எனக்கு முதல் பூசணியில் இரண்டு பல்லும் போய்ப் பொக்கை வாயோடுதான் வந்தது.

இப்போது நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல நினைப்பது. இந்த விளையாட்டில் கத்தியைவிடப் பொல்லாதது மூச்சுதான். ஊசியில் நூல் கோர்க்கும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள், மூச்சை அடக்கியிருப்பீர்கள். செதுக்கும்போதும் அதே பழக்கம் தானாக வரும். கண்ணின் வளைவில் கத்தி திரும்பும்போது மூச்சு நிற்கும், மூச்சு நின்றால் நுரையீரல் பலூன் மாதிரி உங்களை மெல்லத் தூக்கும். மூன்று மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். கடலில் மூன்று மீட்டரிலிருந்து மேலே வந்தால் உள்ளே அடைத்த காற்று 30 சதவீதம் விரியும். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான் என்பதால் அது 37 சதவீதம் வரை போகும். ஒன்றரை மீட்டர் ஏற்றத்திலேயே நுரையீரல் கிழிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே மலைப்பாதை இறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே மணிக்கணக்காகும். அதனால் துணைக்கு இறங்கியவருக்கு ஒரே வேலை: செதுக்குகிறவர் வாயிலிருந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பது. நாலு நொடி குமிழி நின்றால் தோளைத் தட்ட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கரையில் ஆக்சிஜன் கிட் ஒன்று, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் ஒருவர், இரண்டும் இல்லாமல் இறங்கியதில்லை.

மூடி விஷயம் பாக்கி இருக்கிறது. என் முதல் பூசணியை மூடியோடு அழகாக இறக்கினேன். வாய் வெட்டி முடிந்ததும் பல்லைச் சரிசெய்யக் குனிந்தேன். நான் விட்ட குமிழியெல்லாம் பூசணி வாய்க்குள் போய் மூடிக்கு அடியில் சேர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. திடீரென்று காய் கட்டிய ஈயத்தோடு கிளம்பியது. கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல இழுக்கிறது, நானும் விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் போய்விட்டேன். நண்பர் கையைத் தட்டிவிட்டார். கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காரர் முன்னால் பொக்கை வாய்ப் பூதம் ஒன்று புஸ்ஸென்று எழும்பியதாம். டீ டம்ளர் தொட்டிக்குள் போய்விட்டது. ஆக, மூடி வேண்டாம். மீறிக் காய் கிளம்பினால் விட்டுவிடுங்கள், பூசணி அறுபது ரூபாய்தான்.

இன்னொரு தடுமாற்றம் கைச்சைகையில். நண்பர் செதுக்கியது நன்றாக வந்தால் கட்டைவிரலைத் தூக்கி "சூப்பர்" என்று காட்டத் தோன்றும். டைவிங்கில் அதற்கு "மேலே போவோம்" என்று அர்த்தம். அவரும் பாவம், பாதிக் கண்ணோடு விட்டுவிட்டு மேலே வந்துவிடுவார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டுங்கள். கத்தி பிடித்த கையால் எந்தச் சைகையும் வேண்டாம்.

கடலில் செதுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

புதுச்சேரி போய்க் கடலிலேயே செய்யலாம்தான். ஆனால் 15 மீட்டரில் மஞ்சள் பூசணியின் ஆரஞ்சுச் சாயல் மங்கிவிடும், சிவப்பும் ஆரஞ்சும்தான் தண்ணீரில் முதலில் மங்கும் நிறங்கள். அதைவிடப் பெரிய விஷயம் வீடு திரும்புவது. டைவ் செய்துவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்; உடம்பில் கரைந்த நைட்ரஜன், வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகிவிடும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம் வரை குறையலாம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நமக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையே விமானம் மாதிரிதான். ஞாயிறு மதியம் டைவ் முடித்து ராத்திரியே காரில் ஏறி, விடியக்காலை வீட்டில் காப்பி குடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ ஒரு ராத்திரி தங்கி, மணிக் கணக்கு முடிந்த பிறகு ஏறுங்கள். சமவெளியிலிருந்து இங்கே டைவ் செய்ய வரும் விருந்தாளிகளும் வந்த அன்றே இறங்க வேண்டாம், ஒரு நாள் தூங்கி எழட்டும்.

மேலே கொண்டுவருவது

வெட்டி முடித்ததும் கத்தியை உறையில் போட்டு முதலில் அனுப்பிவிடுங்கள். மிதக்கும் துண்டுகளைச் சல்லடையால் அள்ளி எடுக்கக் கரையில் ஒரு ஆள் இருந்தால் வசதி. பூசணியை வலையோடு கயிற்றில் கட்டிக் கரையாள் இழுக்கட்டும், நீங்கள் சுமக்காதீர்கள். தண்ணீருக்குள் இறகு மாதிரி இருந்தது வெளியே வரும்போது உள்ளே நிரம்பிய தண்ணீரோடு சேர்த்துக் கல்லாகக் கனக்கும். விளிம்பில் ஒரு நிமிடம் நிறுத்தி, வாய் வழியாகத் தண்ணீர் வடிந்த பிறகு தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே பிளந்துவிடும்.

தொட்டித் தண்ணீரில் ஊறியதை யாரும் சமைக்க வேண்டாம். துண்டு, தோல், விதை எதையும் கரையில் விட்டு வராதீர்கள், பன்றியும் காட்டுமாடும் அந்த இடத்தைப் பழகிவிடும். உர குழியில் போட்டு மண் தள்ளுங்கள்.

ஊறிய காய் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதுவரை மோட்டார் ரூம் வாசலில் கட்டித் தொங்கவிடலாம், உள்ளே ஒரு டார்ச் வைத்தால் ராத்திரி பார்க்க நன்றாக இருக்கும். உயரமாகக் கட்டுங்கள். நாங்கள் ஆள் உயரத்தில்தான் கட்டினோம். "மீசை ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்று தோட்டத்துக்காரரே ஒப்புக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஈரமண்ணில் காட்டுமாட்டுக் குளம்பு.